நல்ல மாதத்தை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள்: சந்தாப் பதிவர்களுக்கு ஒரு நேரசூசிக் கணக்கு

யூடியூப்பில் விளம்பர வருமானத்துக்காக வீடியோ போடுகிறவர் ஒரு மாதம் பேசாமல் இருந்தால் அந்த மாதம் வருமானம் குறையும். அவ்வளவுதான். பார்ப்பவருக்கு அதில் நட்டம் இல்லை, அவர் காசு கட்டிப் பார்க்கவில்லை. சந்தா அப்படி அல்ல. ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் மாதம் ஐந்து டொலருக்கு உங்கள் பக்கத்தில் சேர்ந்துவிட்டால், திகதி வந்ததும் அவருடைய அட்டையில் காசு கழியும். நீங்கள் நான்கு வீடியோ போட்ட மாதமும் கழியும், காய்ச்சலில் படுத்த மாதமும் கழியும். ஆகவே சந்தாப் பக்கம் தொடங்குவது என்பது, மாதா மாதம் இவ்வளவு தருவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பது. அந்த வாக்கை எவ்வளவு பெரிதாகக் கொடுக்கலாம், வருடம் முழுக்க அதை எப்படிக் காப்பாற்றலாம் என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

2013இல் ஜாக் கொன்ரேயும் சாம் யாமும் பேட்ரியன் (Patreon) என்ற ஆதரவுத் தளத்தைத் தொடங்கியபோது, ஒரு படைப்பு வெளிவந்தால் அதற்கு இவ்வளவு என்று ஆதரவாளர் கொடுக்கும் முறைதான் இருந்தது. படைப்பு இல்லை என்றால் காசும் இல்லை. பிறகு மாதச் சந்தாதான் பெருவழக்காகிவிட்டது. யூடியூப் 2018இல் சேனல் உறுப்பினர் வசதியைக் கொண்டுவந்தபோதும் மாதக் கட்டணமாகத்தான் கொண்டுவந்தது. மாதக் கட்டணம் பதிவருக்கு நல்லது, அடுத்த மாதம் என்ன வரும் என்று ஓரளவு தெரியும். ஆனால் நேரசூசி என்ற பொறுப்பும் அதோடு சேர்ந்துதான் வந்தது.

வன்னியில் இப்போது இந்த வழியில் இறங்க நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கிளிநொச்சியில் சமையல், முல்லைத்தீவில் கடலும் நந்திக்கடலும், வவுனியாவில் தோட்டம், மன்னாரில் கருவாடும் மீன்வாடியும், எங்கும் பழைய ஆட்களின் ஊர்க் கதைகள். பார்க்கிறவர்களில் பெரும்பகுதி கனடா, லண்டன், சுவிஸ், பிரான்ஸ். காசு வந்து சேரும் வழியை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் பேபால் மூலம் காசு அனுப்பலாம், பெறுவது நெடுங்காலமாகவே சிக்கல். அது தனிக் கதை, இங்கே விட்டுவிடுகிறேன்.

தொடக்க உற்சாகத்தில் பலரும் எழுதுவது இப்படி இருக்கும்: கிழமைக்கு இரண்டு வீடியோ, ஞாயிற்றுக்கிழமை நேரலை, தினமும் படங்கள். முதல் மாதம் நடக்கும். இரண்டாம் மாதம் இரவு இரண்டு மணி வரை எடிட்டிங் செய்து நடக்கும். மூன்றாம் மாதம் பிள்ளைக்கு வருத்தம், வயலில் வேலை, போன் பழுது. பதிவு நின்றுவிடும். நின்ற பிறகு வரும் வெட்கம் இன்னும் மோசமானது. மன்னிப்புக் கேட்டு எழுதவும் மனம் வராது, பக்கத்தைத் திறந்து பார்க்கவும் மனம் வராது. நல்ல குரலும் நல்ல கண்ணும் உள்ள பலர் இப்படித்தான் காணாமல் போகிறார்கள். திறமை குறைந்து போகவில்லை, கொடுத்த வாக்குத்தான் கையிலிருந்த நேரத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

சிறுபோகத்துக்கு முன்னால் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடப்பது நமக்கெல்லாம் தெரியும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்லும். அந்தத் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் அமைப்புகளும் அதிகாரிகளும் இருந்து முடிவெடுப்பார்கள். குளம் 36 அடி நிரம்பிய வருடம் ஒரு அளவு, நிரம்பாத வருடம் வேறு அளவு. ஆசைக்கு விதைத்தால் கடைசி நனைப்புக்குத் தண்ணீர் இருக்காது, பயிர் கதிரோடு காயும். பதிவு நேரசூசியையும் இப்படித்தான் போட வேண்டும். முதலில் கையில் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்று பாருங்கள், பிறகு எத்தனை பதிவு என்று சொல்லுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சரி, மணித்தியாலக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்குப் பரந்தன் பக்கம் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் வயல், கையில் ஒரு போன். ஒடியல் கூழ் காய்ச்சும் பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்று எடுக்கிறார். சந்தைக்குப் போய் மீன், நண்டு, பயற்றங்காய், மரவள்ளி வாங்கி வந்து வெட்டி வைக்கவே இரண்டு மணித்தியாலம். அடுப்படியில் படம் பிடிக்க மூன்று. புகை லென்ஸில் படியும், துடைக்க வேண்டும். பக்கத்து வளவில் தண்ணி மோட்டர் போட்டால் அது நிற்கும் வரை பேச முடியாது. ஒடியல் மாவைக் கரைத்துக் கொதிக்கும் பானைக்குள் விடும் அந்தக் கட்டத்தைத் தவறவிட்டால் அன்றைக்குத் திரும்ப எடுக்க வழியில்லை, அதனால் இரண்டு பக்கமும் போன் நிறுத்த ஆள் தேட வேண்டும். பிறகு எடிட்டிங் ஐந்து மணித்தியாலம், குரல் பதிய ஒன்று, தலைப்பும் முகப்புப் படமும் ஒன்று, ஏற்றுவதற்கு ஒன்று, கருத்துகளுக்குப் பதில் எழுத இரண்டு. மொத்தம் பதினைந்து.

தொடங்குகிறவர்கள் வழக்கமாகப் படம் பிடிக்கும் மூன்று மணித்தியாலத்தை மட்டும்தான் எண்ணுகிறார்கள். ஆகவே நேரசூசி எழுதுவதற்கு முன், ஒரு பதிவைத் தொடக்கத்திலிருந்து கடைசிப் பதில் வரைக்கும் கடிகாரம் பார்த்து எழுதி வையுங்கள். உங்கள் எண் பதினைந்தாக இருக்காது. ஆறாக இருக்கலாம், இருபதாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது உங்களுடைய உண்மையான எண்.

இந்த அக்காவுக்குச் சாதாரண மாதத்தில் 45 மணித்தியாலம் ஒதுங்கும் என்று வைப்போம். அப்படியென்றால் மாதம் மூன்று வீடியோ. மோசமான மாதத்தில் 15 மணித்தியாலம்தான், ஒரு வீடியோ. வருடத்தில் எட்டு சாதாரண மாதம், நான்கு மோசமான மாதம் என்றால் எட்டை மூன்றால் பெருக்க 24, அதோடு நான்கு, மொத்தம் 28 வீடியோ. கிழமைக்கு ஒன்று என்று வாக்குக் கொடுத்தால் 52 வேண்டும், பேசவே தேவையில்லை. மாதம் மூன்று என்றால் 36 வேண்டும், எட்டுக் குறைகிறது. மாதம் இரண்டு என்றால் 24 போதும், நான்கு மிச்சம். அந்த நான்கும் காய்ச்சலுக்கும் செத்தவீட்டுக்கும் போன் பழுதுக்கும். ஆகவே அவருடைய பக்கத்தில் எழுத வேண்டியது "மாதம் இரண்டு". நல்ல மாதத்தில் மூன்று எடுக்க முடிகிறதே என்று ஆசைப்பட்டு மூன்று என்று எழுதக் கூடாது.

மோசமான மாதங்கள் எப்போது வரும் என்பது வன்னியில் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். இது நமக்கு உள்ள ஒரு வசதி. காலபோக விதைப்பு செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபரிலும். நவம்பர், டிசெம்பர் அடை மழை. தகரக் கூரைக்குக் கீழே குரல் பதிய முடியாது, விறகு நனைந்திருக்கும், பின்னேரம் நான்கு மணிக்கே அடுப்படி இருண்டுவிடும், கரண்டும் சிக்னலும் போய்ப்போய் வரும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் வந்தது, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. அப்படியான கிழமையில் யாரும் வீடியோ பற்றி நினைக்க மாட்டார்கள், நினைக்கவும் தேவையில்லை. தை பிறந்து கொஞ்ச நாளில் அரிவு வெட்டு, நெல் காயப்போடும் வேலை. யூலை, ஓகஸ்டில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை, வீடு நிறைய விருந்தாட்கள். இதோடு போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய நாட்களும் நவம்பர் 27ஐ ஒட்டிய நாட்களும் இருக்கின்றன. அந்த நாட்களில் இங்கே பல வீடுகளில் சிரித்துப் பேசி வீடியோ எடுக்கும் மனம் இருக்காது. அதையும் நேரசூசியில் வெற்றிடமாகவே விடுங்கள். நினைவுகூரும் நாளில் பதிவு வரவில்லையே என்று உங்கள் சந்தாக்காரர் கேட்கப் போவதில்லை, அவரும் அங்கே விளக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்.

இனிக் கையிருப்பு. மோசமான மாதத்திலும் மாதம் இரண்டு போக வேண்டும், எடுக்க முடிவது ஒன்றுதான் என்றால் மீதி ஒன்று ஏற்கெனவே எடுத்து வைத்ததிலிருந்து வர வேண்டும். ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மூன்றும் அடுத்தடுத்து வரும் மோசமான மாதங்கள். ஆகவே செப்டெம்பர் முடியும்போது குறைந்தது மூன்று வீடியோ எடிட்டிங் முடிந்து, முகப்புப் படத்தோடு தயாராக இருக்க வேண்டும். பாதி எடிட்டிங்கில் கிடப்பது கையிருப்பு ஆகாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். அப்படியொரு நாளில் பாதி முடித்த வீடியோ போனுக்குள்ளேதான் கிடக்கும், முடித்துத் தளத்தில் ஏற்றி வைத்தது குறித்த நேரத்தில் தானாக வெளியே போகும்.

எதைக் கையிருப்பில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் வரும். அந்தப் பொங்கலை எடுத்தால் அதே கிழமை போட வேண்டும், ஆடியில் போட்டால் பழசு. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவும் அப்படித்தான். ஆனால் பாலைப்பழம் பொறுக்கும் வீடியோவுக்கு அந்த அவசரம் இல்லை. எடுப்பது பழக் காலத்தில்தான் எடுக்க வேண்டும், போடுவது எப்போதும் போடலாம். நவம்பரில் குளிருக்குள் இருக்கும் ஒருவருக்கு வன்னிக் காட்டு வெயிலும் பாலைப்பழமும் அந்த மாதத்தில் வந்தால் இன்னும் பிடிக்கும். ஆடி, ஆவணியில் பனங்காய்ப் பணியாரம், தை, மாசியில் கிழங்கு கிண்டி, பச்சையாக ஒடியலும் அவித்துப் புழுக்கொடியலும் காயவைப்பது எல்லாம் இந்த வகை. ஆகவே ஒவ்வொரு யோசனைக்கும் பக்கத்தில் இரண்டு விடயம் எழுதுங்கள்: எப்போது எடுக்க வேண்டும், எப்போது வரைக்கும் போடலாம். இரண்டாவதில் "எப்போதும்" என்று வருவதெல்லாம் கையிருப்புக்கு.

ஒரே நாளில் இரண்டு எடுப்பதும் கையிருப்பைக் கூட்டும். அடுப்பு மூட்டியாயிற்று, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை போன் பிடிக்க வந்திருக்கிறாள் என்றால் கூழோடு ஒரு குரக்கன் பிட்டையும் எடுத்துவிடலாம். மூன்றாவதுக்கு ஆசைப்படாதீர்கள், குரலில் களைப்புத் தெரியும். சட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கிழமை கழித்துப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

பெரிய பதிவுகளுக்கு இடையில் சின்னப் பதிவுகள் வேண்டும். காரணம் ஒன்று சொல்கிறேன். சில தளங்களில் கட்டணம் மாதம் முதலாம் திகதி கழியும், சிலவற்றில் அவரவர் சேர்ந்த திகதியில் கழியும். நீங்கள் இரண்டு வீடியோவையும் மாதக் கடைசியில் சேர்த்துப் போட்டால், 3ஆம் திகதி சேர்ந்தவர் மூன்று கிழமைக்கு மேல் வெறும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே வீடியோக்களை இரண்டு கிழமை இடைவெளியில் வையுங்கள், நடுவில் பத்து நிமிடத்தில் முடியும் ஏதாவது ஒன்று போடுங்கள். வயல் வரம்பில் நின்று எடுத்த ஒரு படமும் மூன்று வரியும். பூட்டம்மா ஒடியல் மாவுக்குச் சொன்ன பக்குவம். மாரியில் வீடியோ எடுக்க விடாத அதே தகரக் கூரை மழையை இரண்டு நிமிடம் போனில் பதிந்து அப்படியே போடுங்கள். ஊரை விட்டு இருபது, முப்பது வருடம் ஆனவருக்கு அந்தச் சத்தத்தின் பெறுமதி தெரியும். ஆனால் இந்தச் சின்னப் பதிவுகளைக் கணக்கில் எழுதி வாக்காகக் கொடுக்காதீர்கள். "இடையிடையே" என்று மட்டும் சொல்லுங்கள்.

நாள், நேரம் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. ஒன்றைத் தெரிவு செய்து அதில் நில்லுங்கள். நமது நேரம் சனிக்கிழமை இரவு 8 மணி என்று வைத்தால், கோடையில் லண்டனில் பின்னேரம் 3.30, சுவிஸில் 4.30, ரொறன்ரோவில் காலை 10.30. அங்கே குளிர்காலத்துக்குக் கடிகாரம் மாற்றிய பிறகு எல்லாம் ஒரு மணித்தியாலம் முந்தும். ஐரோப்பாவில் மாற்றுவது ஒக்டோபர் கடைசி ஞாயிறு, கனடாவில் நவம்பர் முதல் ஞாயிறு. சிட்னியில் அந்நேரம் நள்ளிரவு தாண்டிவிடும், அவர்கள் ஞாயிறு காலை பார்ப்பார்கள், பரவாயில்லை. வெள்ளிக்கிழமை இரவே ஏற்றி, சனிக்கிழமை 8 மணிக்கு வெளியாகும்படி நேரம் குறித்து வைத்துவிடுங்கள். இரவு டேட்டா தனியாகக் கிடைக்கும் பக்கேஜ் என்றால் செலவும் குறையும்.

சந்தா நிலைகளில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து டொலர் நிலைக்கு வீடியோ, பத்து டொலர் நிலைக்குப் பெயர் சொல்லி வாழ்த்து, இருபது டொலர் நிலைக்குத் தனியாகப் போனில் பேசுவது என்று அடுக்கிவிடுவார்கள். பத்து டொலர் நிலையில் ஐந்து பேர் இருக்கும் வரை வாழ்த்துச் சொல்வது சந்தோசமான வேலை. அறுபது பேர் வந்தால் அது தனி உத்தியோகம். வீடியோ அப்படியல்ல, ஐந்து பேர் பார்த்தாலும் ஐந்நூறு பேர் பார்த்தாலும் அதே பதினைந்து மணித்தியாலம்தான். ஆகவே ஆள் கூடக் கூட வேலையும் கூடும் எதையும் வாக்காகக் கொடுக்காதீர்கள். மேல் நிலைக்கு ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு நேரலை கொடுங்கள், ஒரு மணித்தியாலத்தில் எல்லோரோடும் பேசிவிடலாம். அல்லது எடிட்டிங்கில் வெட்டிய துண்டுகளைக் கொடுங்கள், அவை ஏற்கெனவே கையில் இருப்பவை.

குறைவாகப் போட்டால் ஆட்கள் விலகிவிடுவார்களே என்ற பயம் எல்லோருக்கும் வரும். விலகுவார்கள், எந்தப் பக்கத்திலும் மாதா மாதம் சிலர் விலகத்தான் செய்வார்கள். ஆனால் பார்க்க நேரமில்லாமல் பத்து வீடியோ சேர்ந்துகிடந்தாலும் ஒருவர் "நான்தான் பார்ப்பதில்லையே, ஏன் காசு" என்று நிறுத்திவிடுவார். இரண்டு வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு மாதம் இரண்டு நல்ல வீடியோ போதும் என்பது என் கருத்து. அவர் எண்ணிப் பார்ப்பது வீடியோக்களின் தொகையை அல்ல, நீங்கள் சொன்ன நாளில் வந்தீர்களா என்பதைத்தான்.

இடைவெளி எடுக்க வேண்டிய காலம் வந்தால் போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். இந்த அளவு போதும்: "வணக்கம் உறவுகளே. வயல் விதைப்புத் தொடங்கிவிட்டது. மாரி முடியும் வரை மாதம் இரண்டு வீடியோ வழமை போல் வரும், சனிக்கிழமை இரவு 8 மணிக்கு. நேரலை மட்டும் தைப்பொங்கலுக்குப் பிறகு. கருத்துகளுக்குப் பதில் பிந்தும், எல்லாவற்றையும் வாசிப்பேன்." எது மாறாது, எது மாறும், எப்போது திரும்பும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. ஒரு மாதம் முழுக்க எதுவுமே முடியாது என்றால் அந்த மாதக் கட்டணத்தை இடைநிறுத்துங்கள். பேட்ரியனில் அதற்கு வசதி இருக்கிறது. வருமானம் போகும், உண்மைதான். வெறும் பக்கத்துக்குக் காசு கழிந்ததைக் கண்டு ஒருவர் விலகுவதைவிட அது நல்லது.

பக்கத்தைத் திறக்க நல்ல காலம் எது என்று கேட்டால் மாசிக் கடைசி, பங்குனி என்பேன். அரிவு வெட்டு முடிந்திருக்கும், வெயில் நன்றாக இருக்கும், அடுத்த மாரிக்கு ஏழு மாதம் இருக்கும். திறப்பதற்கு முன்னே நான்கு வீடியோ முடித்து வைத்திருங்கள். இரண்டு முதல் மாதத்துக்கு, இரண்டு கையிருப்புக்கு. ஒரு கொப்பியில் மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எடுத்தது எத்தனை, போட்டது எத்தனை, கையில் எத்தனை என்று எழுதி வாருங்கள். கையிருப்பு இரண்டுக்குக் கீழே போனால் அந்தக் கிழமை புதிய யோசனைகளை நிறுத்திவிட்டு, எளிதாக முடியும் ஒன்றை முதலில் எடுங்கள். கையிருப்பு ஆறு, ஏழு என்று ஏறினால் இடையில் ஒன்றை மேலதிகமாகப் போடுங்கள், சந்தாக்காரருக்கு அது எதிர்பாராத சந்தோசம். பக்கத்தில் எழுதியிருக்கும் "மாதம் இரண்டு" என்ற வரியை மட்டும் ஒரு முழு மாரியைத் தாண்டும் வரை மாற்றாதீர்கள். தாண்டிய பிறகு, தை மாதம் கொப்பியைத் திறந்து பார்த்து, டிசெம்பர் முடிவில் கையில் எத்தனை மிஞ்சியது என்பதை வைத்துக் கூட்டுவதா இல்லையா என்று முடிவெடுங்கள்.